வீணை தனம்மாள்

ஒரு நாட்டின் பெருமை அதனை ஆண்ட மன்னராலும் அதில் வாழ்ந்த செல்வராலும் மட்டும் விளங்குவதன்று. கலைவல்லாராலும் அது விளங்குவதாகும். கலைவல்லாருள்ளும் இசைவாணர் இருதிறத்தினர். புதிய பாட்டுகளை இயற்றித் தருவோர் ஒரு திறத்தினர். முன்னோர் இயற்றியவற்றைத் தம் குரலாலும் கருவியாலும் உயிர்பெறச் செய்வோர் மற்றொரு திறத்தினர். ஓவியமும் சிற்பமும் செய்தோன் மறைந்த பின்னரும் கண்முன் நிற்பன. பாட்டோ, பாடுவோர் வாய்மூடிய அக்கணமே காற்றிற் கலந்து மறைவது. ஆதலின் இரண்டாந் திறத்தார் இல்லையேல், முதற் றிறத்தாரின் அரும்பணி ஏட்டளவில் உறங்கிவிடும். அங்ஙனம் பழைய இசையை உறங்கவிடாது காத்த பெருமக்களுள் வீணை தனம்மாள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். அவ்வம்மையாரின் வரலாற்றை நம் மாணவ நண்பர்கள் அறிந்துகொள்வது நலம் பயக்குமெனக் கருதி ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

தனம்மாள் 1867-ஆம் ஆண்டிற் சென்னை ஜார்ஜ் டவுனிற் பிறந்தார். அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக இசையையும் நாட்டியத்தையும் போற்றி வளர்த்த குடும்பமாகும். பாட்டியாராகிய காமாட்சியம்மாள் தஞ்சை அரண்மனையோடு தொடர்புடைய கலைஞர். தஞ்சை அரசு ஆங்கிலேயர் கைப்பட்டு அரண்மனையின் ஆதரவு குன்றவே, கலைஞர் பலர் பிழைப்பு நாடிச் சென்னை மாநகர் புகுந்தனர். இக்குடும்பமும் அங்ஙனமே வந்து குடியேறியது. அன்னையார் சுந்தரம்மாள், மும்மூர்த்திகளுள் ஒருவராகிய சியாமா சாஸ்திரிகளின் புதல்வர் சுப்பராய சாஸ்திரிகளிடம் பயின்றவர். எனவே தாய்ப்பாலோடு இசைப்பாலும் உண்டு வளரும் பேறு இவ்வம்மையாருக்கு இயல்பாகவே வாய்த்தது.

வாய்த்த செல்வத்தோடு அவர் மனநிறைவு கொண்டாரல்லர். ஆசிரியர் பலரை அடுத்து அவரவரிடம் சிறந்ததைத் தேடிப் பெற்றார். அழகியசிங்கரையரிடம் வீணையும், சாத்தனூர்ப் பஞ்சுவையரிடம் முத்துசாமி தீட்சிதரின் கிருதிகளும், வாலாஜாபேட்டைப் பாலகிருஷ்ண தாசரிடம் க்ஷேத்திரஞ்ஞரின் பதங்களும் கற்றார். பாலகிருஷ்ண தாசர் கண்பார்வை இழந்தவர். ஆயினும் பதங்களைப் பாடுவதில் அந்நாளில் அவருக்கு நிகராவார் அரியர். தருமபுரி சுப்பராயரின் ஜாவளிகளும் அம்மையாரின் வீணையிற் சிறப்பிடம் பெற்றன. இவ்வாறு பல ஆறுகள் வந்து கலக்கும் பெருங்கடல்போல அவருடைய இசைச்செல்வம் நாளுக்கு நாள் பெருகியது.

வீணையின் இயல்பை ஒருசிறிது அறிந்தாலன்றி அம்மையாரின் தனித்திறம் விளங்காது. பலாமரத்தாற் செய்த குடமும் தண்டியும், மெழுகிற் பதித்த 24 மெட்டுகளும், வாசிப்பதற்குரிய 4 தந்திகளும், தாளத்திற்கும் சுருதிக்குமுரிய 3 தந்திகளும் உடையது வீணை. வலக்கை விரல் தந்தியை மீட்டும்போது ஓசை பிறக்கின்றது. பிறந்த ஓசை தேய்ந்து மறைவதற்குள் இடக்கை விரல் அத்தந்தியை மெட்டின்மேல் இழுத்து வளைக்குமாயின், ஒரே மீட்டிற் பல சுரங்கள் ஒன்றினின்றொன்று நழுவிப் பிறக்கும். இதனையே கமகம் என்பர். மீட்டுகள் மிகுந்தால் ஓசை மிகும். பாட்டின் இழைவோ குறையும். தனம்மாள் மீட்டைச் சுருக்கி இழைவைப் பெருக்கினார். உலோக மீட்டுகோலை விரலில் அணியாது வெறும் விரலாலேயே மென்மையாக மீட்டுவது அவர் வழக்கம். வாசிக்கும்போதே தாமும் மெல்லப் பாடுவார். கேட்போர் எது குரல், எது தந்தி எனப் பிரித்தறிய இயலாது மயங்குவர். ஓசை மிகச் சிறிதாயினும் ஒவ்வோர் எழுத்தும் சொல்லும் தந்தியிற் புலப்படும்.

வெள்ளிக்கிழமைதோறும் மாலைப்பொழுதில் ஜார்ஜ் டவுனிலுள்ள தம் இல்லத்தில் அவர் வீணை வாசிப்பார். மிருதங்கம் முதலிய பக்கவாத்தியங்கள் இரா. அழைப்பிதழோ ஆரவாரமோ இல்லை. வித்துவான்களும் வழக்கறிஞரும் வணிகரும் இசைப்பித்துக் கொண்ட இளைஞரும் வந்து தரையில் அமர்வர். தலையசைத்து ஆஹாவென்று வாய்விட்டுப் பாராட்டுவதும் அங்கே இடையூறாகவே கருதப்பட்டது. வாசிப்பு முடிந்ததும் பேச்சின்றிக் கலைந்து செல்வர். பெரிய சபைகளில் ஆயிரவர் முன் பாடிப் புகழ்பெற்ற சங்கீத வித்துவான்களும், இவ்வில்லத்தின் சிறு கூடத்தில் மாணாக்கர்போல் அடங்கியிருந்து கேட்டனர் என்றால், அம்மையாரின் பெருமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அவர்கள் கேட்க விரும்பியவற்றுள் தலையாயவை தீட்சிதரின் கிருதிகள். 1775-ஆம் ஆண்டு திருவாரூரிற் றோன்றி, 1835-ஆம் ஆண்டு நம் நாஞ்சில் நாட்டிற்கு வடகிழக்கேயுள்ள எட்டயபுரத்தில் மறைந்த தீட்சிதர், தாமும் வீணை வல்லுநர். அவர் பாட்டுகள் யானை நடைபோல் விளம்ப காலத்தில் நடப்பன. வீணைக் கமகத்தை உள்ளத்திற் கொண்டு எழுந்தவை. அவற்றை விரைவாகப் பாடினாலும் மிகையாக அலங்கரித்தாலும் உருவம் சிதையும். தனம்மாள் தம் திறமையைக் காட்டும் பொருட்டு அவற்றை ஒருகாலும் கருவியாக்கிக் கொள்ளவில்லை. தம்மையே அவற்றிற்குக் கருவியாக்கினார். அதனாலேயே கேட்டவர்கள், இடையிற் கழிந்த ஆண்டுகளை மறந்து, இயற்றியவரையே நேரிற் கண்டதுபோல் உளம் நெகிழ்ந்தனர்.

இஃது ஒப்புநோக்கத்தக்கது. ஜெர்மனியிற் பிறந்த செபாஸ்தியான் பாக் என்னும் இசைப்புலவரின் பெயர் நம் கல்லூரியாருக்குப் புதிதன்று. அவர் சுரக்கோவை அமைத்த பழைய மெட்டொன்றிலேயே திருப்பாடுகளின் ஞானப்பாட்டு ஒன்று நம் ஆலயங்களில் தமிழிற் பாடப்பெறுகின்றது. பாக் எழுதிய விசைப்பலகை இசை ஹார்ப்சிகார்டு என்னும் கருவிக்கு உரியது. பியானோ வந்தபின் அக்கருவி வழக்கொழிந்து கிடந்தது. போலந்து நாட்டிற் பிறந்த வாண்டா லண்டோவ்ஸ்கா என்னும் பெண்மணியார் அக்கருவியை மீண்டும் மேடையேற்றி, 1741-ஆம் ஆண்டளவில் அச்சான பாக்கின் கோல்ட்பெர்க் வேறுபாடுகளை 1933-ஆம் ஆண்டிற் பாரிஸ் அருகே முழுமையாக வாசித்தார். கேட்டோர் பாக்கைப் புதிதாகக் கண்டுகொண்டனர். அதே ஆண்டுகளிற் சென்னையில் கண்பார்வை மங்கிய முதுமகளாகிய தனம்மாள் தீட்சிதரைக் காத்துக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் அறியாத இவ்விருவரும் செய்த தொண்டு ஒன்றே.

எனினும் இவ்விருவர்தம் காலச்சூழலும் ஒன்றன்று. இசை வீட்டுக் கூடங்களை விட்டுச் சபைகளுக்கும், பின்னர் ஒலிபெருக்கிக்கும் இடம்பெயர்ந்த காலம் அது. பெருங்கூட்டத்திற்கு எட்டுமாறு தம் மெல்லோசையை மாற்றிக்கொள்ள அம்மையார் இசைந்தாரல்லர். மேலும், அவர் பிறந்த தேவதாசிக் குலத்தைக் குறித்து நாட்டில் பெரும் வாதம் எழுந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் 1927-ஆம் ஆண்டிற் சென்னைச் சட்டசபையிற் புகுந்து, இளம்பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பெரிதும் உழைத்தார். 1947-ஆம் ஆண்டில் அவ்வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. பல பெண்மக்களின் துயர் துடைத்த அச்சீர்திருத்தம் போற்றத்தக்கதே. ஆயினும், வழக்கத்தை இகழ்ந்தோர் பலர் அக்குலத்துப் பெண்டிரையும் உடனிகழ்ந்தனர். அவர்கள் தலைமுறைகளாகக் காத்த கலையை மட்டும் வேண்டுமென்று எடுத்துக்கொண்டனர். கலையைக் கையேற்றுக் கலைஞரைக் கைவிடுதல் அறமாகுமோ? அம்மையாரும் இறுதி நாட்களிற் பொருள்முட்டும் கடனும் உற்று வருந்தினார். வெள்ளிதோறும் வந்து உருகிய உள்ளங்கள் பல; அவ்வுருக்கம் அவருடைய கடனைத் தீர்த்திலது.

1938-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் தனம்மாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் வாசிப்பிற் சில, ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே ஓடும் பழைய இசைத்தட்டுகளில் எஞ்சியுள்ளன. ஆனால் அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் அவர் வழித்தோன்றல்களே. மகள் ஜயம்மாளின் மக்களுள் பாலசரசுவதி பரதநாட்டியத்திற் புகழோங்கி 1973-ஆம் ஆண்டிற் சங்கீத கலாநிதியானார். புல்லாங்குழல் வல்ல விசுவநாதனும் மிருதங்கம் வல்ல ரங்கநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயினர். மற்றொரு மகள் காமாட்சியின் பெண்களாகிய பிருந்தாவும் முக்தாவும் பாட்டியாரின் பதங்களைப் பிழையறக் காத்துப் பிறர்க்கும் பயிற்றினர். பிருந்தா 1976-ஆம் ஆண்டிற் சங்கீத கலாநிதியானார். இகழப்பட்ட குலத்தின் இல்லமே இசைக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. சுசீந்திரம் கோயிலில் தட்டினால் இன்னொலி எழுப்பும் கற்றூண்களை நாம் கண்டிருக்கின்றோம். அக்கல்லினுள் உறைந்த நாதமும் காதை அருகிற் கொண்டு பொறுமையோடு நிற்பார்க்கே புலனாகும். அதுபோலச் சிறந்தவை பல மெல்லிய குரலிலேயே பேசுகின்றன. எதனையும் உரக்க ஒலிக்கும் இந்நாளில், அடங்கியிருந்து கேட்கும் பழக்கத்தை மாணவர் முயன்று பெறல் வேண்டும். இஃது ஒன்று. நம்மை மகிழ்விக்கும் கலையைப் போற்றுங்கால், அதனை ஆக்கித் தந்தவர் எக்குலத்தாராயினும் அவரையும் மதித்து அவர்தம் வாழ்விற்குத் துணைநிற்றல் வேண்டும். இஃது இரண்டாவது. செவிக்கு உணவு தந்தோரின் வயிறு வாடக் கண்டிருத்தல் கற்றோர்க்கு அழகன்று. இவ்விரண்டும் நம்மிடம் நிலைபெறுமாயின், அம்மையாரின் வீணை இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கின்றது எனலாம்.