சென்னை டூ மங்களூரு எவ்வளவு தூரம்? விமானம் வருவதற்கு முன்பே விடை சொன்ன லாம்ப்டன் யார்?

சென்னை விமான நிலையத்தில் இருந்து மங்களூரு விமான நிலையத்துக்கு நேர்கோட்டு தூரம் சுமார் 570 கி.மீ. மொபைலில் தட்டினால் ஒரு நொடியில் வந்துவிடும். ஆனா, இந்தத் தூரத்தை முதன்முதலில் துல்லியமா அளந்தவருக்கு ஜிபிஎஸ் கிடையாது. கையில் இருந்தது ஒரு எஃகுச் சங்கிலியும், கோணம் பார்க்கும் கருவியும்தான்.

யார் இவர்?

வில்லியம் லாம்ப்டன். இங்கிலாந்தின் யார்க்ஷயரைச் சேர்ந்த ராணுவ அதிகாரி. அமெரிக்க சுதந்திரப் போரில் பிடிபட்டு, பிறகு கனடாவில் பல வருஷம் இருந்தவர். கணிதத்தில் ஆர்வம் கொண்டவர். 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டினம் போரிலும் இருந்தார். போர் முடிந்ததும், தீபகற்பத்தைக் கடற்கரை டூ கடற்கரை அளக்கலாம் என்ற திட்டத்தை கிழக்கிந்திய கம்பெனியிடம் கொடுத்தார். பிடித்த நிலத்துக்குச் சரியான வரைபடம் கம்பெனிக்கும் தேவைப்பட்டது.

ஏர்போர்ட் பக்கத்தில் போட்ட முதல் கோடு

1802 ஏப்ரல் 10. இன்றைய சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. 100 அடி சங்கிலியை மாற்றி மாற்றி வைத்து சுமார் 12 கி.மீ. அளந்தார்கள். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டே போனார்கள். இந்த ஒரு கோட்டுக்கே 57 நாள் ஆச்சு!

அதுக்கப்புறம் சங்கிலியை இழுத்துக்கொண்டே போகவில்லை. ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம். அந்தப் பக்கத்தில் அடுத்த முக்கோணம், அதில் இன்னொன்று என மேற்குக் கடற்கரை வரை போனார். ஸ்கூல் டிரிக்னாமெட்ரிதான்!

காணாமல் போன 40 மைல்

மங்களூரை எட்டியபோது ரிசல்ட் ஷாக் கொடுத்தது. பழைய வரைபடங்கள் சுமார் 400 மைல் என்று காட்டிய அகலம், உண்மையில் சுமார் 360 மைல்தான்.

தஞ்சையில் நடந்த விபத்து

அவருடைய தியோடலைட் கருவி சுமார் அரை டன் எடை. இங்கிலாந்தில் இருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, மீண்டு வந்தது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றியபோது கயிறு அறுந்து, சுவரில் மோதி நசுங்கியது. வேலை முடிஞ்சுதுனு எல்லாரும் நினைத்திருப்பார்கள். லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, சுமார் ஆறு வாரத்தில் தானே நிமிர்த்திச் சரி செய்தார்.

பெயர் யாருக்குப் போனது?

கன்னியாகுமரியில் இருந்து வடக்கே அளந்துகொண்டே போனவர், 1823 ஜனவரி 20-ல் மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் இறந்தார். அப்போது வயது 70-ஐ ஒட்டி இருக்கும். கல்லறையும் அங்கேதான். பணியைத் தொடர்ந்தவர் அவரது உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் உயரமான சிகரத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். லாம்ப்டனைப் பலருக்குத் தெரியாது. கருவியைச் சுமந்த, மலை உச்சியில் கொடி பிடித்து நின்ற உள்ளூர் ஆட்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இன்றைக்கு இதில் என்ன இருக்கு?

பூமி சரியான உருண்டை இல்லை. துருவங்களில் லேசா தட்டை. எவ்வளவு தட்டை என்று கணக்கிட லாம்ப்டனின் அளவுகளும் உதவின. இப்போது அந்த வேலையை சாட்டிலைட் செய்கிறது. ஆனாலும் இரண்டு ஏர்போர்ட்டுக்கு இடையிலான தூரத்தைத் துல்லியமாகச் சொல்ல, பூமியின் அதே வளைவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சாலையில் சுற்றிப் போனால் இதே பயணம் சுமார் 700 கி.மீ.

அடுத்த முறை மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது, பரங்கிமலைப் பக்கம் ஒரு பார்வை பாருங்க. முதல் சங்கிலி விழுந்தது அங்கேதான்.