சால்வத்தோரே ஃபெர்ரகாமோ

சால்வத்தோரே ஃபெர்ரகாமோ (ஜூன் 5, 1898 - ஆகஸ்ட் 7, 1960) இத்தாலி நாட்டைச் சேர்ந்த காலணி வடிவமைப்பாளர் ஆவார். ஆப்பு வடிவக் குதியை (தக்கையால் செய்யப்பட்டு, குதியும் அடிப்பகுதியும் ஒன்றாக அமைந்தது) 1930களில் உருவாக்கியவர் என்பதற்காகப் பெரிதும் அறியப்படுகிறார். ஹாலிவுட் திரைப்பட நடிகையருக்குக் காலணி செய்து புகழ் பெற்றார். எனினும், நின்றால் உடல் எடை பாதத்தின் எந்தப் பகுதியில் இறங்குகிறது, அதனைக் காலணி எவ்வாறு தாங்க வேண்டும் என்ற ஒரே கேள்விக்கு வாழ்நாள் முழுவதும் விடை தேடியவர் என்பதே இவரைச் சரியாக அடையாளம் காட்டும். காலணிகளின் அமைப்பு, குதி, மூலப்பொருள் ஆகியவற்றுக்காக இவர் 350க்கும் மேற்பட்ட காப்புரிமங்களைப் பெற்றார்.

இளமை

தெற்கு இத்தாலியின் கம்பானியா பகுதியில், அவெல்லீனோ மாகாணத்தில் உள்ள போனித்தோ என்னும் மலைச் சிற்றூரில் ஃபெர்ரகாமோ பிறந்தார். வறிய உழவர் குடும்பம். பதினான்கு பிள்ளைகளுள் இவர் பதினோராவது. சிறு வயதிலேயே ஊர்ச் செருப்புத் தைப்பவரின் கடையில் சென்று அமர்ந்து வேலையைக் கவனிப்பது இவரது வழக்கம். பெற்றோர் இதனை விரும்பவில்லை. அக்காலத் தெற்கு இத்தாலியில் செருப்புத் தைப்பது மிகத் தாழ்ந்த தொழிலாகவே கருதப்பட்டது. தையல், முடிதிருத்தல் எனப் பிற தொழில்களில் சேர்த்துவிட்டும் பையன் அவற்றில் நிலைக்கவில்லை.

ஒன்பது வயதில், தங்கையின் முதல் நற்கருணை விழாவுக்கு வெள்ளைக் காலணி வாங்கக் குடும்பத்திடம் பணம் இல்லாதபோது, இரவில் விழித்திருந்து இவரே அவற்றைச் செய்து முடித்தார். அதன் பின்னரே பெற்றோர் எதிர்ப்பைக் கைவிட்டனர். இளமைக் காலம் பற்றிய இத்தகைய செய்திகள் பெரும்பாலும் 1957இல் வெளியான இவரது தன்வரலாற்று நூலிலிருந்தே பெறப்படுகின்றன. ஃபெர்ரகாமோ கதை சொல்வதில் விருப்பமுள்ளவர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பின்னர் நேப்பிள்ஸ் நகருக்குச் சென்று தொழில் பயின்ற இவர், ஊர் திரும்பி வீட்டின் ஒரு பகுதியிலேயே பெண்களுக்கான காலணிக் கடையைத் திறந்தார். அப்போது இவருக்குப் பதின்மூன்று வயது கூட நிரம்பவில்லை.

அமெரிக்காவில்

1915ஆம் ஆண்டளவில் ஃபெர்ரகாமோ அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். முன்னரே அங்கு சென்றிருந்த சகோதரர் பாஸ்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்து வந்தார். இயந்திரங்கள் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான காலணிகளைச் செய்து தள்ளும் அத்தொழிற்சாலையைக் கண்ட ஃபெர்ரகாமோவுக்கு வியப்பும் ஏமாற்றமும் ஒருங்கே உண்டாயின. வேகம் இருந்தது, ஆனால் வெளிவந்த காலணிகளோ கனமாகவும் மொண்ணையாகவும் இருந்தன. அங்கு வேலையில் சேர மறுத்து, சகோதரர்களுடன் கலிபோர்னியா மாநிலத்தின் சாண்டா பார்பரா நகருக்குச் சென்றார்.

அந்நகரில் அப்போது திரைப்பட நிறுவனம் ஒன்று இயங்கி வந்தது. காலணி பழுதுபார்க்கும் கடையை நடத்திக்கொண்டே, மாட்டிடையர் படங்களுக்கான நீள்காலணிகளை இவர் செய்து கொடுத்தார். திரைப்படத் தொழில் ஹாலிவுட்டுக்கு நகர்ந்தபோது இவரும் உடன் நகர்ந்து, 1923இல் அங்கு ஹாலிவுட் பூட் ஷாப் என்ற கடையைத் தொடங்கினார். செசில் பி. டெமில் இயக்கிய 'த டென் கமாண்ட்மெண்ட்ஸ்' (1923) படத்துக்கான பண்டைக்கால மிதியடிகள் இவர் கடையில் உருவானவை. படப்பிடிப்புக்குக் காலணி வாங்கிய நடிகையர் விரைவில் தம் சொந்தப் பயன்பாட்டுக்கும் இவரிடமே வரத் தொடங்கினர்.

பாதவளைவும் எஃகுத் தகடும்

கடை செழித்தாலும் ஒரு குறை நீங்கவில்லை. காலணிகள் அழகாக உள்ளன, ஆனால் கால் வலிக்கிறது என்று வாடிக்கையாளர் கூறினர். அளவு சரியாக இருந்தும் வலி ஏன் வருகிறது என்பது ஃபெர்ரகாமோவுக்கு விளங்கவில்லை. இதற்கு விடை காண, லாஸ் ஏஞ்சலீசில் உள்ள தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் வகுப்புகளுக்குச் சென்றார். முறையான பள்ளிக் கல்வி அதிகம் பெறாத ஒரு கைவினைஞர் எலும்புக்கூட்டின் முன் நின்று குறிப்பெடுத்தது அக்காலத்தில் அரிதான நிகழ்ச்சியே.

உடல் நேராக நிற்கும்போது அதன் எடை செங்குத்தாகப் பாதவளைவின் மீது இறங்குகிறது என்பது இவர் அடைந்த முடிவு. அக்காலக் காலணி செய்வோர் பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தனர், வளைவைக் கருதவில்லை. குதி உயர உயர, தாங்குதலற்ற அவ்வளவின் கீழ் வெற்றிடம் பெரிதாகிறது. எடை முன்னோக்கிச் சரிந்து விரல்களை நெரிக்கிறது.

இதனைப் பாலத்தோடு ஒப்பிட்டு விளங்கிக் கொள்ளலாம். உயர்ந்த குதியுள்ள காலணிக்கு இரு தூண்கள் உள்ளன: பின்னால் குதி, முன்னால் விரல்களின் அடிமேடு. இரண்டுக்கும் இடையே உள்ள பகுதி தரையைத் தொடுவதில்லை. அதன் நடுவில்தான் எடை இறங்குகிறது. ஆகவே, வளையாத ஓர் உத்திரம் அங்கு தேவை. ஃபெர்ரகாமோ மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைப் பாதவளைவின் வடிவத்துக்கு ஏற்ப வளைத்து அடிப்பகுதிக்குள் பொருத்தினார். எடை வளைவிலேயே தாங்கப்பட்டதால் விரல்கள் விடுதலை பெற்றன. காலணியின் எடையும் குறைந்தது. மரத்தாலான கால் அச்சுகளையும் இதே கருத்தின்படி மாற்றி அமைத்தார். இவரது பிற்காலக் குதிகள் அனைத்துக்கும் இந்தத் தகடே அடிப்படை.

கலிபோர்னியாவில் இருந்தபோது நேர்ந்த வாகன விபத்தில் சகோதரர் ஒருவர் உயிரிழந்தார்; ஃபெர்ரகாமோவின் கால் எலும்பு முறிந்தது. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடியே, முறிந்த காலை இழுத்து நேராக வைத்திருக்கும் கருவி ஒன்றை இவர் வடிவமைத்தார்.

புளோரன்ஸ் நகரும் நொடிப்பும்

அமெரிக்காவில் தேர்ந்த கைவினைஞர்கள் போதுமான அளவில் கிடைக்கவில்லை. கைவேலையை இயந்திரத்திடம் விட்டுக்கொடுக்கவும் ஃபெர்ரகாமோ விரும்பவில்லை. 1927இல் இத்தாலிக்குத் திரும்பி, கைவினை மரபு மிக்க புளோரன்ஸ் நகரில் பட்டறை அமைத்தார். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் கண்ட வேலைப் பிரிவினையை இயந்திரமின்றிப் பின்பற்றியது இப்பட்டறையின் சிறப்பு. ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு பணியை மட்டும் கையால் செய்து அடுத்தவரிடம் தருவார். காலணிகள் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்கே ஏற்றுமதியாயின.

ஒரே சந்தையை நம்பியிருந்தது ஆபத்தாக முடிந்தது. 1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை வீழ்ந்ததும் ஏற்றுமதி சுருங்கியது. 1933இல் நிறுவனம் நொடித்தது. ஃபெர்ரகாமோ சிறிய அளவில் மீண்டும் தொடங்கி, இம்முறை இத்தாலிய வாடிக்கையாளரையும் நாடினார். 1936இல் ஆர்னோ ஆற்றங்கரையை ஒட்டிய பலாத்சோ ஸ்பினி ஃபெரோனி என்னும் 13ஆம் நூற்றாண்டு மாளிகையில் வாடகைக்கு இடம் பிடித்தார். 1938இல் அம்மாளிகையையே தவணை முறையில் விலைக்கு வாங்கினார்.

தக்கைக் குதி

1935இல் முசோலினியின் அரசு எத்தியோப்பியா மீது படையெடுத்தது. அதனால் உலக நாடுகள் சங்கம் இத்தாலி மீது பொருளாதாரத் தடை விதித்தது. நாட்டிலிருந்த நல்ல எஃகு படைத்துறைக்குச் சென்றது. ஃபெர்ரகாமோவுக்குக் கிடைத்த தரம் குறைந்த எஃகில் செய்த தகடுகள் காலணிக்குள் முறியத் தொடங்கின. விற்ற காலணிகள் உடைந்து திரும்பி வந்தன. பத்தாண்டுகளுக்கு மேலாகக் கட்டியெழுப்பிய முறையின் முதுகெலும்பே இல்லாமற் போனது.

நல்ல எஃகுக்கு மாற்றாக வேறோர் உலோகத்தைத் தேடாமல், தகடே தேவைப்படாத ஓர் அமைப்பை இவர் தேடினார் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. பாலத்துக்கு உத்திரம் இல்லையென்றால் அடியிலுள்ள பள்ளத்தை நிரப்பிவிடலாம் அல்லவா? சார்தீனியத் தீவில் கிடைத்த தக்கையின் துண்டுகளை ஒன்றன்மீதொன்று ஒட்டி, குதியிலிருந்து விரல் அடிமேடு வரை இடைவெளி முழுவதையும் அடைத்து, பக்கங்களைச் செதுக்கினார். ஆப்பு வடிவக் குதி இவ்வாறு தோன்றியது. 1937இல் இதற்குக் காப்புரிமம் பெற்றார்.

தக்கை வளைத்தால் எளிதில் ஒடிந்துவிடும். ஆனால் மேலிருந்து அழுத்தினால் நன்கு தாங்கும். புதிய அமைப்பில் அதன்மேல் விழுந்தது அழுத்த விசை மட்டுமே. ஆகவே வலுவற்றதெனக் கருதப்பட்ட பொருள் எஃகின் வேலையைச் செய்தது. கனமும் மிகக் குறைவு.

வழக்கமான குதியில் தோல் அடுக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். தரையைத் தொடும் கடைசி அடுக்கு தேய்ந்ததும் அதை மட்டும் பெயர்த்து, புதிய துண்டை ஆணியடித்து மாற்றலாம். உலகெங்கும் செருப்புத் தைப்போரின் அன்றாட வருமானத்தில் இதற்கு நல்ல பங்குண்டு. ஆப்பு வடிவக் காலணியிலோ குதியை மட்டும் தனியே கழற்ற இயலாது. மறுபுறம், எடை பரந்த பரப்பில் பகிரப்படுவதால் அது ஒரு மூலையில் மட்டும் தேய்வதும் குறைவு.

அடிப்பகுதி உயர்ந்த காலணிகள் இதற்கு முன் இல்லாதவை அல்ல. 16ஆம் நூற்றாண்டு வெனிஸ் நகரப் பெண்கள் மிக உயர்ந்த மரமிதியடிகளை அணிந்தனர். ஆதலால் இவரை 'முதன்முதலில்' கண்டுபிடித்தவர் என்று கூறும்போது, தற்காலக் காலணிக்கு உரிய அமைப்பை வகுத்தவர் என்றே பொருள்கொள்ள வேண்டும். புதிய வடிவம் தொடக்கத்தில் பருமனாகத் தோன்றியதால் சிலர் தயங்கினர். பின்னர் அது பல நாடுகளிலும் பரவியது. காப்புரிமம் இருந்தும் போலிகளைத் தடுக்க முடியவில்லை. 1938இல் நடிகை ஜூடி கார்லண்டுக்காகச் செய்த வானவில் நிறத் தக்கை மிதியடி இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது.

போர்க்காலமும் அதன் பின்னும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தோலும் அரிதானது. மிட்டாய் சுற்றும் செலோபேன் தாள், ராஃபியா நார், சணல், மீன் தோல் எனக் கிடைத்தவற்றையெல்லாம் ஃபெர்ரகாமோ மேற்பகுதிக்குப் பயன்படுத்தினார். முசோலினியும் இவரது வாடிக்கையாளராக இருந்தார். இட்லரின் துணைவி ஏவா பிரவுனும் இவரிடம் காலணி வாங்கியவர். பாதங்களை விவரிக்கும் ஆர்வத்தில் தன்வரலாறு இச்செய்திகளை அரசியல் கலவாமல் கடந்து செல்கிறது.

1940இல் தம் சொந்த ஊரான போனித்தோவைச் சேர்ந்த வாண்டா மிலெட்டியை மணந்தார். இவர்களுக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தனர்.

1947இல் நைலான் இழைகளால் மேற்பகுதி அமைந்த 'கண்ணுக்குத் தெரியாத' மிதியடியை வெளியிட்டார். பின்புறம் உள்நோக்கிக் குடையப்பட்ட அதன் ஆப்புக் குதி மரத்தாலானது. இதற்காக அவ்வாண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நீமன் மார்கஸ் விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அவ்விருதைப் பெற்ற மற்றொருவர் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் ஆவார். 1951இல் வெளியான கிமோ என்னும் மிதியடியில் உள்ளே அணியும் உறையை வேண்டிய நிறத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே மிதியடி பல உடைகளுக்குப் பொருந்தியது. 1950களில் ஏறத்தாழ 700 கைவினைஞர்கள் இவரிடம் பணிபுரிந்து, நாளொன்றுக்கு 350 இணைக் காலணிகளைச் செய்தனர்.

ஊசிக் குதி

1950களில் மெல்லிய ஊசிக் குதி பரவியபோது எஃகு மீண்டும் இவர் பட்டறைக்குள் வந்தது. இக்குதியை முதலில் செய்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஃபெர்ரகாமோ, பிரான்சின் ரொஜே விவியே, ஆந்திரே பெருஜியா ஆகிய மூவரின் பெயர்களும் கூறப்படுகின்றன. குதியின் நடுவே உலோகத் தண்டு செலுத்தப்பட்டதாலேயே அவ்வளவு மெல்லிய தூண் சாத்தியமாயிற்று.

இதன் சிக்கல் எளிய கணக்கில் புலப்படும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் எடையில் பாதி, ஒரு சதுர சென்டிமீட்டர் முனையில் இறங்குமானால் அங்கு அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ ஆகும். மரத்தரைகள் குழி விழுந்தன. குதியின் முனையும் வெகு விரைவில் தேய்ந்தது. எனவே ஊசிக் குதியின் அடியில் மாற்றத்தக்க சிறு முனைத்துண்டு இன்றியமையாததாயிற்று. மர்லின் மன்றோ விரும்பி அணிந்த, ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் உயரக் குதியுள்ள காலணிகள் இக்காலத்தவை. 1950களின் நடுவில் உலோகக் கம்பிகளால் கூண்டு போல் உள்ளீடின்றி அமைந்த குதி ஒன்றையும் இவர் உருவாக்கினார்.

உயரத்தை மட்டுமே இவர் நாடவில்லை. 1954இல் நடிகை ஆட்ரி ஹெப்பர்னுக்காகச் செய்த காலணியின் குதி மிகத் தாழ்வானது.

மறைவுக்குப் பின்

ஃபெர்ரகாமோ 1960 ஆகஸ்ட் 7இல், 62ஆம் வயதில் காலமானார். அதுவரை நிறுவனம் பெண்களுக்கான காலணிகளையே முதன்மையாகச் செய்து வந்தது. தொழில் அனுபவம் ஏதுமில்லாத வாண்டா பொறுப்பேற்று, பிள்ளைகளின் துணையுடன் பைகள், ஆடைகள், ஆண்களுக்கான காலணிகள் என அதனை விரிவாக்கினார். தந்தையிடம் நேரடியாகத் தொழில் கற்ற மூத்த மகள் ஃபியம்மா 1978இல் வடிவமைத்த வாரா என்னும் தாழ்குதிக் காலணி நிறுவனத்தின் பெரும் வெற்றிகளுள் ஒன்று. ஃபியம்மா 1998இலும் வாண்டா 2018இலும் மறைந்தனர். நிறுவனம் 2011இல் மிலான் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது.

1995இல் பலாத்சோ ஸ்பினி ஃபெரோனி மாளிகையில் ஃபெர்ரகாமோவின் பெயரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இவர் வடிவமைத்த காலணிகளோடு, புகழ்பெற்ற வாடிக்கையாளர்களின் மரத்தாலான கால் அச்சுகளும் அங்கு உள்ளன. பாதத்தின் அளவு மாறும்போது தோல் துண்டுகளை ஒட்டி அச்சைத் திருத்துவது பட்டறையின் வழக்கமாக இருந்தது.