யானைக்கால் மாத்திரை முதல் மூச்சுத்திணறல் வரை... யார் இந்த டாக்டர் சுப்பாராவ்?

புதுச்சேரி மக்களுக்கு டிஇசி மாத்திரை புதுசு இல்லை. யானைக்கால் நோயை ஒழிக்க, வருஷத்துக்கு ஒருமுறை மாத்திரை கொடுக்கும் திட்டம் 2004-ல் தொடங்கியபோது, அந்தப் பட்டியலில் புதுச்சேரியும் இருந்தது. இந்த மருந்து, மெட்ராஸில் படித்த ஒரு டாக்டரின் குழு உலகத்துக்குக் கொடுத்தது. அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

கதர் உடுத்தியதால் போன பட்டம்

1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமாவரத்தில் பிறந்தவர் சுப்பாராவ். மெட்ரிக் தேர்வில் பாஸ் ஆனதே மூணாவது முயற்சியில்தான். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குத் தன் சகோதரரைப் பறிகொடுத்தார்.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது, காந்தியின் அழைப்பை ஏற்று கதர் உடுத்தினார். இது அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. விளைவு, எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்எம்எஸ் பட்டம்தான் கைக்கு வந்தது.

அமெரிக்காவில் என்ன செய்தார்?

பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். செலவுக்காக மருத்துவமனையில் கடைநிலை வேலையும் பார்த்தார். ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவைக் கண்டறிய, ஃபிஸ்கேவுடன் சேர்ந்து 1925-ல் அவர் வெளியிட்ட முறை இருவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. ஆனாலும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை.

1940-ல் லெடர்லி ஆய்வகத்துக்கு மாறினார். அவர் தலைமையிலான குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரரைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது. அடுத்து, ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரின் வந்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு டாக்டர் சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்தது இதைத்தான். 1947-ல் ஹெட்ராசன் வந்தது. நம்ம ஊர் டிஇசி அதுதான்!

மூச்சுத்திணறலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

யானைக்கால் புழுவின் குஞ்சுகள் சிலருக்கு நுரையீரலில் சிக்கிக்கொள்ளும். அவற்றை அழிக்க ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாகக் கிளம்பும். ஈசின் சாயத்தை ஏற்று சிவப்பாகத் தெரிவதால் பால் எர்லிக் வைத்த பெயர் அது. காப்பாற்ற வந்த அணுக்களே நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். ராத்திரியில் விடாத இருமல், இழுப்பு, மூச்சுத்திணறல் வரும்.

ரத்தத்தில் பொதுவாகப் புழு தெரியாது. அதனால் ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ தப்பாக நினைக்க வாய்ப்பு அதிகம். துப்பு கொடுப்பது ஈசினோஃபில் எண்ணிக்கைதான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அது 3,000-ஐத் தாண்டும்.

1940-களில் இதற்கு ஆர்செனிக் கலந்த ஊசி போட்டார்கள். பிறகு டிஇசி அந்த இடத்தைப் பிடித்தது. வழக்கமாக மூணு வாரம் டாக்டர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும். பெரும்பாலானோருக்கு மூச்சு சீராகிவிடும். கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழலாம்.

பார்க்காமலே போன மனிதர்

1948 ஆகஸ்ட் 8-ல், 53 வயதில் சுப்பாராவ் காலமானார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அமெரிக்கா போன பிறகு அவர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை.

1975-ல் புதுச்சேரியில் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. 1981 முதல் 1985 வரை யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களை ஒழிக்க நகரத்திலேயே ஒரு பெரிய செயல்திட்டத்தை அது நடத்தியது. கொசுவை ஒழிப்பது ஒரு பக்கம், உடம்புக்குள் இருக்கும் புழுக்குஞ்சை ஒழிப்பது இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது வேலைக்கு இன்றைக்கும் கைகொடுப்பது, எம்பிபிஎஸ் மறுக்கப்பட்ட சுப்பாராவ் குழுவின் மருந்துதான்.