நோயாளிக்கு வீடு திறந்த விமானி

செவ்வாய்க்கிழமைகளில் புறக்கோட்டையில் பஸ்ஸால் இறங்கி, கொச்சிக்கடை அந்தோனியாரிடம் நடந்து போகிறவர்களுள் நீங்களும் ஒருவராய் இருக்கலாம். நடைபாதை வியாபாரிகளின் கூவலையும் கைவண்டிகளையும் கடந்து கோவிலை நெருங்க நெருங்கக் கைகள் நீளும். ஒருவருக்குக் கால் இல்லை. இன்னொருவருக்குப் பார்வை இல்லை. நீங்கள் பிள்ளையின் கையில் ஒரு நாணயத்தை வைத்து, போய்ப் போடு என்று அனுப்புவீர்கள். அடுத்த நிமிடம் மனம் மெழுகுதிரி வாங்குவதில் போய்விடும். இதை எழுதுகிறவரும் பல வருடங்களாக அப்படிச் செய்தவர்தான். அந்த மனிதர் இரவில் எங்கே படுக்கிறார், காய்ச்சல் கண்டால் அவருக்கு யார் சுடுதண்ணீர் கொடுக்கிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டதில்லை.

இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாமல் போன ஒருவரின் வாழ்க்கையை இவ்வாரம் உங்களுக்குச் சொல்லுகிறோம். அவர் குருவானவர் அல்ல, துறவியும் அல்ல. குண்டு வீசும் விமானத்தை ஓட்டியவர். பெயர் லெனார்ட் செஷயர்.

1917ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் அவர் பிறந்தார். தகப்பனார் பெயர்பெற்ற சட்டப் பேராசிரியர். மகனும் ஒக்ஸ்போர்டில் சட்டம் படித்தார். ஆனால் படிப்பைவிட வேகமான கார்களிலும் உல்லாசத்திலும் நாட்டம் கூடுதல். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் விமானப்படையில் சேர்ந்தார். நான்கு வருடங்களில் நூறு தடவைகளுக்கு மேல் எதிரியின் வானில் பறந்து திரும்பி வந்தார். ஒரு நாள் வீரத்துக்காக அல்லாமல், அந்த நான்கு வருட உறுதிக்காக 1944இல் பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை அவருக்குக் கிடைத்தது.

1945 ஓகஸ்ட் 9ஆம் திகதி நாகசாக்கி மீது அணுகுண்டு வீசப்பட்டபோது, பிரித்தானிய அரசின் பார்வையாளராக அனுப்பப்பட்டவர் அவர். அவர் இருந்த விமானம் மற்ற விமானங்களோடு குறித்த இடத்தில் சேரத் தவறியதால், எழும்பிய அந்த மேகத்தைத் தூரத்திலிருந்தே கண்டார். ஜப்பானியக் கத்தோலிக்கரின் பழைய இருப்பிடமான உராக்காமியும் அதன் பேராலயமும் அந்த மேகத்தின் கீழேதான் இருந்தன. அணுகுண்டு போரை முடித்து வைத்தது என்ற கருத்தைச் செஷயர் கடைசிவரை விடவில்லை. அதை நாம் ஏற்கவேண்டும் என்றில்லை. ஆனால் அன்று கண்டதோடு அவருடைய பழைய வாழ்க்கை முடிந்தது என்பது உண்மை.

1946இல் படையை விட்டு விலகி, போரில் இருந்து வந்தவர்கள் ஒன்றாகக் குடியிருந்து உழைக்கும் குடியேற்றம் ஒன்றைத் தொடங்கினார். ஹம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற பெரிய பழைய மாளிகையை அதற்காக வாங்கினார். முயற்சி தோற்றது. குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராய்ப் போனார்கள். பெருங்கடன்தான் மிஞ்சியது. மாளிகையை விற்றுக் கடனை அடைக்கலாம் என்று அவர் எண்ணியிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது.

ஆர்தர் டைக்ஸ் என்பவர் அந்தக் குடியேற்றத்தில் முன்பு இருந்தவர், விமானப்படையில் வேலை செய்தவர். நோயாகி வைத்தியசாலையில் கிடந்தார். சுகமானதும் தங்குவதற்கு ஒரு வண்டிவீட்டை நிறுத்த லெ கோர்ட்டில் சிறிது நிலம் தரமுடியுமா என்று செஷயரிடம் கேட்டார். விசாரித்தபோது வைத்தியசாலையார் உண்மையைச் சொன்னார்கள். அவருக்குப் புற்றுநோய். அவர் சுகமாகப் போவதில்லை. குணமாகாத ஒருவரை வைத்திருக்கக் கட்டிலும் இல்லை. செஷயர் அவருக்காக வேறிடம் தேடிப் பார்த்தார். யாரும் எடுக்கச் சம்மதிக்கவில்லை. கடைசியில், சாகப் போகிறார் என்ற செய்தியை அவரிடம் தாமே சொல்லி, தம் வீட்டுக்கு வரும்படி அழைத்தார்.

அந்த நேரத்தில் அவர் நிலை என்னவென்று நினைத்துப் பாருங்கள். கையில் பணம் இல்லை. வேலைக்காரர் இல்லை. தாதிவேலை ஒரு துளியும் தெரியாது. படுக்கையை மாற்றவும், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கவும், கழுவித் துடைக்கவும் அதன் பிறகுதான் பழகினார். தர்மம் செய்ய வசதி வரட்டும் என்று காத்திருக்கிற நமக்கு இந்த இடம் சற்றுச் சங்கடமானது. அவர் கொடுத்த முதற்கொடை அவரால் விற்கமுடியாமல் கிடந்த ஒரு வெறும் வீடுதான்.

டைக்ஸ் பிறப்பால் கத்தோலிக்கர். நெடுங்காலம் பூசை, தேவதிரவிய அனுமானங்களை விட்டிருந்தவர் அந்தப் படுக்கையில் கிடந்தபடியே மீண்டும் தம் விசுவாசத்துக்குத் திரும்பினார். 1948 ஓகஸ்ட் மாதத்தில் மரித்தார். அவர் அருகில் இருந்து பார்த்த செஷயரின் உள்ளமும் அசைந்தது. நோயாளி விட்டுப்போன ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்தார். அதே வருடம் நத்தார் பண்டிகைக்கு முந்திய நாள் திருச்சபையில் சேர்ந்தார். யார் யாருக்கு உதவி செய்தார் என்று சொல்வது இங்கே அவ்வளவு சுலபமல்ல.

ஒருவரை எடுத்த வீட்டுக்கு இன்னொருவரும் வந்தார். பிறகு கேட்டு வருகிறவர்களை நிறுத்தமுடியவில்லை. வயோதிபர், காசநோயாளர், தசை நலிந்து நடக்கமுடியாத இளைஞர் என்று ஒரு வருடத்துக்குள் லெ கோர்ட் நிறைந்துவிட்டது. அயலூரார் காய்கறியும் கட்டிலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோர்ன்வாலில் கைவிடப்பட்ட ஒரு விமானத்தளக் கட்டடத்தில் இரண்டாவது இல்லம் எழுந்தது. அதற்கு சிறுமலர் தெரேசம்மாளின் பெயரை வைத்தார். பிறகு 1952இல் அவரே காசநோயாளியானார். விலா எலும்புகளை எடுக்கும் சத்திரசிகிச்சைகளுடன் இரண்டு வருடத்துக்கு மேல் கட்டிலில் கிடந்தார். அந்தக் கட்டிலில் இருந்தபடியே கடிதம் எழுதி எழுதி மேலும் இல்லங்களைத் தொடங்க வைத்தார்.

1950களின் நடுப்பகுதியில் அவர் இந்தியா வந்தார். பம்பாயின் அந்தேரிப் பகுதியில் கிடைத்த காட்டு நிலத்தில் முதலில் ஒரு குடிசைபோன்ற கட்டடம் எழுந்தது. அதற்குப் பெத்லகேம் இல்லம் என்று பெயர். தமிழ்நாட்டில் கோவளத்தில் அன்பு நிலையம் வந்தது. டேராடூனில் 1959இல் ரபேல் இல்லம் வந்தது. தொழுநோயால் கைகால் சிதைந்த குடும்பங்களும், அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் அங்கே இடம் பெற்றார்கள். தோபியாசுக்கு வழித்துணையாய்ப் போன அதிதூதரின் பெயர் அது என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அதே வருடம் ஏப்ரல் 5ஆம் திகதி பம்பாயில் கர்தினால் வலேரியன் கிராசியஸ் ஆண்டகை முன்னிலையில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் சூ ரைடர். போரில் சிதைந்த ஐரோப்பாவில், விசேடமாகப் போலந்து மக்களுக்காகத் தொண்டு செய்துகொண்டிருந்தவர். புதுமணத் தம்பதிகள் சென்ற பயணத்தைக் கேளுங்கள். அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய் ஊர் ஊராய்ப் பேசி ரபேல் இல்லத்துக்குப் பணம் சேர்த்தார்கள். அங்கே அன்று உருவான குழுக்கள் பல வருடங்கள் அந்த இல்லத்தைத் தாங்கின. இமயத்தின் அடிவாரத்தில் ஒரு தொழுநோயாளியின் பிள்ளை சாப்பிட, கடல் கடந்த ஊரிலே முன்பின் அறியாத ஒரு குடும்பம் மாதாமாதம் ஒரு தொகையை எடுத்து வைத்தது.

ஆனாலும் வெளிநாட்டுப் பணத்தை மட்டும் நம்பி எந்த இல்லத்தையும் அவர் தொடங்கவில்லை. ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர்க்காரரின் குழு ஒன்று பொறுப்பெடுக்க வேண்டும், செலவுக்கு அவர்களே வழிபார்க்க வேண்டும் என்பது அவருடைய முறை. கத்தோலிக்கராய் இருந்தும் இல்லங்களில் மதம் கேட்கவில்லை. அந்தோனியார் கோவிலில் எல்லா மதத்தாரோடும் வரிசையில் நின்று பழகிய கொழும்பு வாசிகளுக்கு இது புதுமையல்ல. நமது நாட்டிலும் அவ்வாறே குழு அமைந்தது. புறக்கோட்டையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் வெள்ளவத்தை, தெகிவளை தாண்டி அது கல்கிசைக்குப் போகும். அந்தக் கல்கிசையில் சேர் ஜேம்ஸ் பீரிஸ் பெயரால் ஒரு செஷயர் இல்லம் எழுந்தது. எத்தனை தடவை அந்தப் பாதையால் போயிருப்போம்.

இவ்வளவோடு நிறுத்தினால் இது அழகான சரித்திரமாய் இருக்கும். ஆனால் முழுச் சரித்திரம் ஆகாது.

லெ கோர்ட் இல்லத்துக்கு 1956இல் போல் ஹன்ட் என்ற பத்தொன்பது வயது இளைஞர் வந்தார். தசை நலியும் நோய் அவருக்கு. அவரும் நண்பர்களும் சில கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார்கள். வளர்ந்தவர்களாகிய நாங்கள் எத்தனை மணிக்குப் படுக்கவேண்டும் என்பதை ஏன் பிறர் தீர்மானிக்கிறார்கள்? எங்கள் வீட்டை நடத்தும் குழுவில் எங்களில் ஒருவர் ஏன் இல்லை? சில நிருவாகிகளுக்கு இது நன்றிகெட்டதனமாய்ப் பட்டது. போராட்டம் வருடக் கணக்கில் நீண்டது. 1972இல் ஹன்ட் லண்டன் பத்திரிகையொன்றுக்குக் கடிதம் எழுதி, தம்மைப்போன்றவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று அழைத்தார். அதிலிருந்து ஒரு சங்கம் பிறந்தது. எங்களை முடக்குவது எங்கள் உடற்குறை மட்டுமல்ல, படிக்கட்டை மட்டும் கட்டிவிட்டு எங்களை வெளியே நிறுத்தும் சமூகமும்தான் என்ற எண்ணம் அந்தச் சங்கத்தின் மூலம் உலகெங்கும் பரவியது. ஹன்ட் 1979இல் இறந்தார்.

செஷயரின் புகழுக்கு இது ஒரு களங்கம் என்று சிலர் எண்ணலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. சாவதற்கு ஒரு கட்டில் கேட்டவருக்காகத் தொடங்கிய வீடு அது. வாழ்வதற்கு உரிமை கேட்கிறவர் அதே வீட்டிலிருந்து எழும்பினார். அங்கே கவனிப்பு இல்லாதிருந்தால் ஹன்ட் கேள்வி கேட்க உயிரோடு இருந்திருப்பாரா? அதே சமயம், கவனிப்பு மட்டும் போதும் என்று நினைத்தவர்கள் தவறினார்கள் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இது நம் வீடுகளுக்குத் தூரமான விடயமா? கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மகன், அம்மாவின் ஆண்டு நினைவுக்கு ஓர் இல்லத்தில் மத்தியானச் சாப்பாடு கொடுக்கும்படி காசு அனுப்புகிறான். நல்ல காரியம். போரிலே கால் இழந்தவர்கள் இருக்கும் நாட்டில் அப்படிப்பட்ட கைகள் இன்னும் வேண்டும். ஆனால் சோறு பரிமாறுமுன் அங்குள்ளவர்களை வரிசையாய் இருத்திப் படம் எடுத்து அனுப்புகிறோமே, அவர்களிடம் கேட்டோமா? அன்றைக்கு அவர்கள் சோற்றைவிடச் சக்கர நாற்காலிக்கு ஒரு டயரையோ, வீட்டுக்குப் போய்வர பஸ் காசையோ விரும்பியிருக்கலாம். முன்பு அங்கவீனர் என்றோம், இன்று மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். சொல்லை மாற்றியது சரிதான். அருகில் இருந்து பேசுவதற்குத்தான் இன்னும் நேரம் ஒதுக்கவில்லை.

1981இல் அரசியின் மேன்மைச் சங்க விருதும், 1991இல் பிரபுப் பட்டமும் செஷயருக்குக் கிடைத்தன. அவர் காலத்திலேயே அவர் பெயரில் 49 நாடுகளில் 270 இல்லங்கள் இருந்தன. பட்டம் கிடைத்த காலத்தில்தான் உடல் தளரத் தொடங்கியது. வைத்தியர்கள் பரிசோதித்து, நரம்பு செயலிழந்து தசைகள் ஒவ்வொன்றாய் ஓயும் நோய் என்று கண்டார்கள். தம் இல்லங்களில் நாற்பது வருடங்களாக அவர் பார்த்துப் பழகிய நோய்களில் ஒன்று. சக்கர நாற்காலிக்கு வந்தார். பிறர் தூக்கிவிடவும் ஊட்டிவிடவும் வேண்டியதாயிற்று. 1992 யூலை 31ஆம் திகதி, சபோக்கில் கவென்டிஷ் கிராமத்தில் தம் 74ஆம் வயதில் மரித்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.