பிரைட்டன் நகரில் ஒரு பாட்னாக்காரர்

தலை முழுகும் நாளில் நாம் கடையில் வாங்கி வரும் பொருளொன்றுக்குச் சாம்பு என்று பெயர். அஃது ஆங்கிலச் சொல் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் அச்சொல் நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போய், உருமாறித் திரும்பி வந்த சொல் ஆகும். இந்தியில் ‘சாம்ப்னா’ என்றால் அழுத்துதல், பிசைதல் என்று பொருள். எண்ணெய்ப் புட்டிகளை ஏந்தி இம்மும்பைக் கடற்கரையில் சுற்றிவந்த தொழிலாளர்கள் கூவிய ‘சம்பி’யும் அதன் உறவே. 1957-இல் வெளிவந்த ‘பியாசா’ படத்தில் ஜானி வாக்கர் அத்தொழிலாளியாக நடித்து, நாடு முழுவதும் அச்சொல்லைப் பரப்பினார். அவருக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, அதே தொழிலை இங்கிலாந்தின் கடற்கரையில் நடத்தி, அரண்மனை வரை சென்ற இந்தியர் ஒருவர் உண்டு. அவர்தாம் சேக் தீன் முகம்மது.

தீன் முகம்மது 1759-இல் பாட்னாவில் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பணியாற்றியவர். மகன் சிறுவனாயிருந்தபோதே பணியில் உயிர் துறந்தார். பத்து வயதைத் தாண்டியதும் தாயின் மனம் வருந்த, காட்பிரி பேக்கர் என்னும் அயர்லாந்து நாட்டு இளம் அதிகாரியின் பின்னே படைமுகாமுக்குச் சென்றுவிட்டான் அச்சிறுவன். படையிலேயே வளர்ந்து சுபேதார் பதவி வரை உயர்ந்தார். 1782-இல் பேக்கர் படையை விட்டபோது தாமும் விட்டார். இருவரும் 1784-இல் அயர்லாந்தின் கார்க் நகரை அடைந்தனர்.

இருபத்தைந்து வயது, முற்றிலும் அயலான மண், பேச்சும் உணவும் வேறு, குளிரோ எலும்பைத் துளைக்கும். வெளியூர் வந்து முதற்பருவத்தைக் கழித்த நம்மவர்க்கு அந்நிலையை விளக்க வேண்டுவதில்லை. அவர் அங்கே பள்ளி சென்று ஆங்கிலம் பயின்றார். ஜேன் டேலி என்னும் நங்கையைக் காதலித்து, வீட்டார் அறியாமல் அழைத்துச் சென்று 1786-இல் மணந்தார். 1794-இல் தம் பயணங்களைக் கடித வடிவில் நூலாக வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் அதுவேயாம்.

பின்னர் லண்டன் சென்றார். அங்கே பாசில் காக்ரன் என்னும் செல்வர் நீராவிக் குளியல் மனையொன்றை நடத்தி வந்தார். அக்காக்ரன் நம் சென்னையில் கடற்படைக்கு உணவுப்பொருள் வழங்கும் ஒப்பந்தம் எடுத்துப் பெரும்பொருள் ஈட்டியவர் என்பது நமக்குச் சுவையான செய்தி. அவரிடம் பணிபுரிந்த பின், 1810-இல் தீன் முகம்மது ஜார்ஜ் தெருவில் உணவுச்சாலை ஒன்றைத் திறந்தார். இந்தியர் ஒருவர் லண்டனில் நடத்திய முதல் இந்திய உணவுச்சாலை அது என்பர் வரலாற்றாசிரியர். நம் நாட்டுச் சமையலும் புகைக்க ஹூக்காவும் அங்கே கிடைத்தன. எனினும் செலவு வரவை விழுங்கியது. 1812-இல் அவர் கடனாளியாகி நொடித்துப் போனார். நூலாசிரியர், படைத்தலைவர், கடை முதலாளி என்று மூன்று பெயர் பெற்றவர், வீட்டு வேலை தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கும் நிலைக்கு வந்தார். வயது ஐம்பதைக் கடந்துவிட்டது; மனைவி மக்கள் உண்டு; திரும்பிப் போக ஊரும் இல்லை.

அந்நிலையில் அவர்க்கு எஞ்சியிருந்தவை இரண்டு கைகளே. 1814-இல் பிரைட்டன் என்னும் கடற்கரை நகருக்குக் குடிபெயர்ந்தார். செல்வர்கள் உடல்நலம் தேடிக் கூடும் ஊர் அது. அங்கே மூலிகை நீராவியும் உடற்பிடியும் சேர்ந்த குளியல் மனையை நடத்தத் தொடங்கினார். நோயாளியை மூலிகை மணக்கும் நீராவியில் நன்கு வியர்க்க விடுவர். பிறகு அவரைக் கம்பளித் துணியால் ஆன கூடாரத்துள் இருத்துவர். கூடாரத்தின் பக்கங்களில் சட்டைக்கை போன்ற துளைகள் இருக்கும். பிடித்துவிடுபவர் வெளியே நின்றபடி அத்துளைகளின் வழியே கையை நுழைத்து, உள்ளிருப்பவரின் மூட்டையும் தசையையும் அழுத்திப் பிசைவார். வெப்பமும் குறையாது, மானமும் போகாது. மாற்றான் கை தம் மேனியில் படுவதைப் பெரிதும் கூசிய ஒரு சமுதாயத்திற்கு அவர் கண்ட வழி அது. என்னே அவர் நுண்ணறிவு!

முதலில் ஊரார் நம்பவில்லை. பிறகு முடக்குவாதத்தால் வருந்தியோர் சிலர் நலம்பெற்றுச் செல்ல, கூட்டம் பெருகியது. நலமடைந்தவர் விட்டுச் சென்ற ஊன்றுகோல்கள் மனையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1822-இல் தம் சிகிச்சையைப் பற்றித் தனி நூல் எழுதினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்ற இரு மன்னர்க்கும் அவர் உடற்பிடி மருத்துவராக அமர்த்தப்பட்டார். பாட்னாவின் தந்தையற்ற பிள்ளை, பிரிட்டன் மன்னரின் தோளைப் பிடித்துவிடும் உரிமை பெற்றார்!

இங்கே நான் சற்று நிற்க வேண்டும். புகழ்மாலை சூட்டுவதோடு முடித்துவிட்டால் அது வரலாறு ஆகாது. தீன் முகம்மது தம் பிறந்த ஆண்டை 1749 என்று பத்தாண்டு முன்தள்ளி எழுதினார். அவ்விடைவெளியில் தாம் மருத்துவக் கல்வி பெற்றதாகவும் கூறிக்கொண்டார். அது மெய்யன்று. மேலும், தீராத நோய் பலவும் தம் சிகிச்சையால் தீரும் என்றார். ஏன் இவ்வாறு செய்தார்? கையால் செய்யும் தொழிலுக்கு அந்நாட்டில் மதிப்பில்லை; பட்டத்திற்கே மதிப்பு. கருநிறத்து அயலான் ஒருவன் பிடித்துவிடத் தெரியும் என்றால் வேலையாளாக வைப்பர். மருத்துவன் என்றால்தான் மருத்துவனாக மதிப்பர். அவர் நிலைமையை நான் உணர்கிறேன். ஆனால் பொய்யை ஏற்க முடியவில்லை. அக்கைகளுக்கு அப்பொய் தேவையே இல்லை என்பதே என் வருத்தம்.

உடலியல் பயிலும் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன். உடற்பிடி என்பது ஒரே வித்தையன்று. நம் சித்த மருத்துவம் புறமருந்துகள் 32 என எண்ணி, அவற்றுள் தொக்கணத்தையும் ஒன்றாக வைத்தது; அத்தொக்கணத்திலும் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் எனத் தொடங்கி ஒன்பது வகை கண்டது. ஐரோப்பாவில் டச்சு மருத்துவர் மெஸ்கர் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்தவையும் இவற்றை ஒத்த உருவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் ஆகியனவே. இவை உடலில் செய்வது என்ன? தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றும் என்று நெடுநாள் சொல்லி வந்தனர். கனடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் 2012-இல் இதனைச் சோதித்தனர். 11 இளைஞர்களைக் களைக்கக் களைக்கப் பயிற்சி செய்யவைத்து, ஒரு காலை மட்டும் 10 நிமிடம் பிடித்துவிட்டு, இரு கால்களின் தசைத் துணுக்குகளையும் ஒப்பிட்டனர். லாக்டிக் அமிலத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் பிடித்துவிட்ட காலில் அழற்சியைத் தூண்டும் குறிகள் குறைந்திருந்தன. ஆக, வலி தணிந்தது என்றவர் பொய் சொல்லவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணமே பிழை.

மற்றொன்று. 1986-இல் அமெரிக்காவில் டிபனி பீல்டும் அவர் குழுவினரும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை நாளுக்கு மூன்று முறை, 15 நிமிடம் வீதம், 10 நாட்கள் நீவிவிட்டனர். அக்குழந்தைகள் மற்றவற்றைவிட நாளொன்றுக்கு 47 விழுக்காடு மிகுதியாக எடை கூடின. மெல்லத் தொட்டால் பயனில்லை. ஓரளவு அழுத்தமே பயன்தரும் என்பதும் பின்னர்த் தெளிந்தது. எங்கள் தேவ்நார்த் தெருவில் பிள்ளை குளிப்பாட்டும் ஆச்சி ஒருவர் இருக்கிறார். நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர். இந்த ஆய்வை அவரிடம் எடுத்துச் சொன்னேன். கிச்சுக்கிச்சு மூட்டுவது போல் தொட்டால் பிள்ளை சிணுங்கும், அழுந்த நீவினால்தான் தூங்கும் என்று அவர் எவ்வித வியப்புமின்றிச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டிற்குப் போய்விட்டார். பிள்ளை பிறந்ததும் அவரை ஓடிப்போய் அழைக்கும் வீடுகளில், அவர் உட்கார நாற்காலி போடும் வீடு ஒன்றிரண்டே. இதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் பிடித்துவிட்டே தீர்த்துவிடலாம் என்பதும் தவறு. காலின் ஆழ்நாளத்தில் குருதி உறைந்து வீங்கியிருக்கும்போது பிசைந்தால், உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று உயிருக்கே உலை வைக்கும். எங்கே பிடிக்கலாம் என்று அறிவது பாதித் தொழில். எங்கே கை வைக்கக்கூடாது என்று அறிவது மறுபாதி.

தீன் முகம்மதின் இறுதிக்காலம் செழிப்பாக இல்லை. முதல் போட்ட பங்காளி இறந்தபின் குளியல் மனை ஏலத்திற்கு வந்தது. அதை வாங்கப் பணமில்லாத முதியவர் சிறிய வீடொன்றில் தொழிலைத் தொடர்ந்தார். 1851 பிப்ரவரியில் மறைந்து, பிரைட்டனின் புனித நிக்கோலஸ் ஆலயத்தில் அடக்கமானார். உலகம் அவரை ஏறக்குறைய மறந்தது. சாம்பு என்ற சொல்லும் உடலை விட்டுத் தலைக்கேறி, கூந்தல் கழுவுவதைக் குறிக்கலாயிற்று.

ஆயினும் அவர் மரபு அத்துடன் அற்றுவிடவில்லை. அவர் பேரன் பிரெடெரிக் அக்பர் முகம்மது, 1849-இல் பிரைட்டனில் பிறந்து, லண்டன் கைஸ் மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். மாணவராய் இருந்தபோதே, நாடித்துடிப்பை வரைந்து காட்டும் கருவியை 1872-இல் திருத்தி அமைத்தார். இன்று நாம் அறிந்த வகையில் கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் அளக்கும் முறை 1896-இல்தான் வந்தது. அதற்கு முன்பே, சிறுநீரக நோய் இல்லாதவர்க்கும் உயர் இரத்த அழுத்தம் உண்டாகும் என்று கண்டு காட்டியவர் இவர். 1884-இல் டைபாய்டு காய்ச்சலால் 35 வயதில் மாண்டார்.

பாட்டனார் உடலைத் தொட்டு அறிந்தார்; பேரனார் அளந்து அறிந்தார். பாட்டனார் வாங்க முடியாத பட்டத்தைப் பேரனார் படித்தே வாங்கினார். நண்பர்களே, நம்மில் பலர் கைத்தொழில் செய்தோரின் பிள்ளைகள்; பேரப்பிள்ளைகள். தாராவியில் தோல் பதனிட்ட கை, மூட்டை சுமந்த தோள், இட்லி அவித்த கை இவற்றின் உழைப்பில் நாம் ஆய்வுக்கூடம் புகுந்திருக்கிறோம். அவர்கள் அறிந்ததை அறிவென்று ஒப்புவோம்; அதில் பிழையிருந்தால் அளந்து காட்டித் திருத்துவோம். பட்டம் பெற்று வீடு திரும்பும் நாளில், அவர்கள் உட்கார நாற்காலியை இழுத்துப் போடவும் மறவாதிருப்போம்.