தெருப்பாட்டைச் சேர்த்து வைத்த கப்பற்படைக் காரியதரிசி

அரசர்கள் போட்ட சட்டங்களை அரசாங்கம் பத்திரப்படுத்தி வைக்கிறது. பெரும் புலவர்களின் நூல்களை நூல்நிலையங்கள் காப்பாற்றுகின்றன. ஆனால் சந்தைக்குப் போனவள் வாங்கி வந்த பாட்டுத்தாளையும், கடைக்காரன் கொடுத்த விளம்பரச் சீட்டையும் யார் காப்பாற்றுவார்கள்? படித்து முடித்ததும் பொட்டலம் கட்டவும் அடுப்பு மூட்டவும் போய்விடுகிற காகிதங்கள் அல்லவா அவை!

300 ஆண்டுகளுக்கு முன் லண்டன் நகரில் ஒருவர் அவற்றைக் காப்பாற்றினார். பொழுது போகாமல் செய்த காரியம் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தின் கப்பற்படையை நிர்வகித்தவர் அவர். மூச்சுவிட நேரமில்லாத உத்தியோகம். சாமுவேல் பீப்ஸ் என்பது அவர் பெயர்.

பீப்ஸ் என்றதும் பலருக்கு அவருடைய டைரிதான் நினைவுக்கு வரும். அந்த டைரியோடு அதே அலமாரிகளில் அவர் வைத்துவிட்டுப் போன இன்னொரு செல்வத்தைப் பற்றி இங்கே பார்ப்போம்.

தையற்காரர் மகன்

1633-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி, லண்டனில் பிளீட் தெருவை அடுத்த ஒரு முற்றத்தில் பீப்ஸ் பிறந்தார். தந்தை தையற்காரர். தாய் கல்யாணத்துக்கு முன் ஒரு பெரிய வீட்டில் துணி துவைத்தவள். 11 குழந்தைகளில் இவர் ஐந்தாவது.

அவர் படித்த பள்ளிக்கூடம் செயின்ட் பால் தேவாலயத்தின் பக்கத்தில் இருந்தது. லண்டன் புத்தகக் கடைகள் எல்லாம் கூடியிருந்த இடம் அது. மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் யுத்தம் நடந்த காலமாதலால் துண்டுப் பிரசுரங்கள் மழைபோல் பொழிந்துகொண்டிருந்தன. 1649-ல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டபோது, கூட்டத்தில் நின்று பார்த்தவர்களில் 15 வயதுப் பையனான பீப்ஸும் ஒருவர்.

பிறகு கேம்பிரிட்ஜில் உள்ள மாட்லின் கல்லூரியில் படித்தார். 1655-ல் எலிசபெத் என்ற பெண்ணை மணந்தார். கையில் காசில்லாத கல்யாணம். 1658-ல் சிறுநீர்ப்பையில் இருந்த கல்லை அறுத்து எடுத்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். பிழைத்தது மறுபிறவி என்றே சொல்ல வேண்டும். அந்தக் கல்லைக்கூட அவர் எறிந்துவிடவில்லை. 25 ஷில்லிங் செலவில் அதற்கு ஒரு பெட்டி செய்யச் சொன்னார். எதையும் வைத்துக் காப்பாற்றும் சுபாவம் அவர் இரத்தத்திலேயே ஊறியிருந்தது.

1660-ல் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. உறவினரான எட்வர்ட் மாண்டேகு, இரண்டாம் சார்லஸை நாட்டுக்கு அழைத்து வரப் போன கப்பற்படையின் தலைவர். பீப்ஸ் அவரோடு போனார். திரும்பி வந்ததும் கப்பற்படை நிர்வாகக் குழுவில் நல்ல உத்தியோகம் கிடைத்தது. அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்தே சுருக்கெழுத்தில் டைரி எழுதத் தொடங்கியிருந்தார். 9 ஆண்டுகளுக்கு மேல் விடாமல் எழுதினார்.

வாரம் ஒரு சாவுப் பட்டியல்

அந்நாளில் லண்டனில் வாரந்தோறும் ஒரு தாள் அச்சாகி வரும். சென்ற வாரம் எந்தத் திருச்சபை வட்டாரத்தில் எத்தனை பேர் இறந்தார்கள், என்ன காரணத்தால் இறந்தார்கள் என்று அதில் போட்டிருக்கும். விலை ஒரு பென்னி. காய்ச்சல், அம்மை, பிரசவம் என்பவற்றோடு, பல் முளைத்ததால் இறந்த குழந்தைகள், பயத்தால் இறந்தவர், துக்கத்தால் இறந்தவர் என்றும் கணக்கு இருக்கும். பிணத்தைப் பார்த்துக் காரணம் சொன்னவர்கள் வைத்தியர்கள் அல்லர். அதற்கென்று நியமிக்கப்பட்ட ஏழைக் கிழவிகள்.

இந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு மறுவாரம் எறிந்துவிடுவதே வழக்கம். ஜான் கிராண்ட் என்ற துணி வியாபாரி மட்டும் பழைய தாள்களை வரிசையாக வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பிறப்பிலும் இறப்பிலும் ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது. 1662-ல் அவர் வெளியிட்ட சிறு நூலே மக்கள் தொகைக் கணக்கியலுக்கு அடிப்படையாயிற்று. அது வெளிவந்த சில வாரங்களிலேயே பீப்ஸ் ஒரு பிரதி வாங்கிவிட்டார்.

1665-ல் பிளேக் வந்தது. மனைவியை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டு, பீப்ஸ் நெடுநாள் நகரிலேயே இருந்து அலுவல் பார்த்தார். ஒவ்வொரு வாரமும் பட்டியலின் எண்ணிக்கையை டைரியில் குறித்தார். செப்டம்பரில் ஒரே வாரத்தில் பிளேக்குக்கு 7,000 பேருக்கு மேல் பலி. அந்த ஆண்டு முழுவதும் பட்டியல்படி 68,596 பேர். புதிதாக வாங்கிய பொய்மயிரைத் தலையில் வைக்கவே அவருக்குப் பயம். பிளேக்கில் செத்தவர் தலைமயிராக இருந்தால் என்ன செய்வது! ஒரு பென்னித் தாள் ஒரு நகரத்தின் நாடித்துடிப்பைக் காட்டும் என்பதை அவர் அந்த ஆண்டு அனுபவத்தில் கண்டார்.

தீயில் போன புத்தகங்கள்

மறு ஆண்டு கோடையில் தம் புத்தகங்களுக்காகக் கண்ணாடிக் கதவு போட்ட ஓக் மர அலமாரிகள் செய்யச் சொன்னார். செய்து கொடுத்தவர் கப்பற்பட்டறைத் தச்சர் சிம்ப்சன். அலமாரிகள் வந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை. 1666 செப்டம்பர் 2-ந் தேதி லண்டன் தீப்பற்றிக்கொண்டது. மன்னரிடம் ஓடிச் சென்று, வீடுகளை இடித்தால்தான் தீ நிற்கும் என்று சொன்னவர் பீப்ஸ். பிறகு தம் வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றி அனுப்பினார். திராட்சை மதுவையும் இத்தாலியப் பாலாடைக் கட்டியையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார்!

அவருடைய வீடு தப்பியது. ஆனால் செயின்ட் பால் தேவாலயத்தின் நிலவறை பத்திரமான இடம் என்று நம்பிப் புத்தக வியாபாரிகள் தங்கள் சரக்கை எல்லாம் அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். கூரை இடிந்து விழுந்து அத்தனையும் சாம்பலாயின. பீப்ஸ் வழக்கமாகப் புத்தகம் வாங்கிய கர்ட்டன் என்ற வியாபாரி ஒரே நாளில் ஓட்டாண்டியானார். தீக்கு முன் 8 ஷில்லிங்குக்கு விற்ற ஒரு புத்தகம், தீக்குப் பின் 50 ஷில்லிங் ஆயிற்று. தடித்த அட்டை போட்ட புத்தகத்துக்கே இந்தக் கதி என்றால் ஒற்றைத் தாளுக்கு என்ன கதி?

ஒரு பென்னிக்கு ஒரு பாட்டு

கூலியாள் ஒருவனின் நாள் சம்பளம் 12 பென்னியாக இருந்த காலம் அது. தெருமுனையில் பாட்டுக்காரன் நின்று பாடுவான். கேட்டவர்கள் ஒரு பென்னி கொடுத்துத் தாளை வாங்குவார்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள். மேலே மரக்கட்டையில் வெட்டிய படம். இன்ன மெட்டில் பாட வேண்டும் என்று ஒரு குறிப்பு. படம் பாட்டுக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்று மன்னராக நின்ற அதே பொம்மை நாளை காதலனாக வரும். மறுநாள் கொலைகாரனாக வரும். எழுத்து பழைய கறுப்பெழுத்து. ஏழைக் குழந்தைகள் அரிச்சுவடியில் முதலில் கற்றது அந்த எழுத்தைத்தான்.

சாராயக் கடைச் சுவரில் ஒட்டினார்கள். வீட்டுக் கதவிலும் ஒட்டினார்கள். கிழிந்ததும் பலகாரத் தட்டின் அடியில் போட்டார்கள். லட்சக்கணக்கில் அச்சான தாள்களில் எஞ்சியவை கொஞ்சமே.

பீப்ஸுக்குச் சங்கீதத்தில் உயிர். 1666 ஜனவரியில் ஒரு நடிகை பார்பரா ஆலன் பாட்டைப் பாடக் கேட்டு மகிழ்ந்ததாக டைரியில் எழுதியிருக்கிறார். இன்றுவரை பாடப்படும் அந்த நாட்டுப்பாடலைப் பற்றிக் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்பு அதுவே.

ஜான் செல்டன் என்ற சட்ட அறிஞர் சேர்த்து வைத்திருந்த பாட்டுத்தாள்கள் பீப்ஸின் கைக்கு வந்தன. அவற்றோடு தாமும் சேர்க்கத் தொடங்கினார். சுமார் 1,800 பாட்டுகள். 5 பெரிய தொகுதிகள். தொகுதிக்குள் அடங்குவதற்காகத் தாளை நறுக்கி ஒட்டினார். இக்காலத்துச் சேகரிப்பாளர் கண்டால் தலையில் அடித்துக்கொள்வார்! ஆனால் அவர் நறுக்கி ஒட்டியதால்தான் அவற்றுள் பல இன்று உலகில் ஒரே பிரதியாகவாவது மிஞ்சியிருக்கின்றன.

ஒட்டியதோடு அவர் நிற்கவில்லை. பத்து வகையாகப் பிரித்தார். பக்தியும் ஒழுக்கமும், சரித்திரம், கொலையும் தூக்குத் தண்டனையும், நாட்டு நடப்பு, இன்பக் காதல், துன்பக் காதல், கல்யாணமும் கள்ள உறவும், கடல் வாழ்வு, குடியும் நட்பும், வேடிக்கை. இந்தப் பத்துக்குள் ஒரு சாதாரண மனிதனின் வாழ்க்கை முழுவதும் அடங்கிவிடுகிறது அல்லவா? ராபின் ஹூட் பாட்டும் உண்டு; மாலுமிக்காகக் காத்திருக்கும் பெண்ணின் புலம்பலும் உண்டு. தூக்கில் தொங்கப் போகிறவன் கடைசியாகச் சொன்னதாக ஒரு பாட்டு, அவன் தொங்கும் நாளிலேயே விற்பனைக்கு வந்துவிடும்.

இவை கோர்ட்டுச் சாட்சியங்கள் அல்ல. பொய்யும் மிகைப்படுத்தலும் ஏராளம். ஆனால் மக்கள் எதற்கு அஞ்சினார்கள், எதைக் கேட்டுச் சிரித்தார்கள், எதற்காக வயிற்றைக் கட்டி ஒரு பென்னி கொடுத்தார்கள் என்பதில் மட்டும் இவை பொய் சொல்ல முடியாது.

பாட்டோடு கதைப் புத்தகங்களும் சேர்த்தார். நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்ற காலணாப் பாட்டுப் புத்தகங்களைப் போன்ற சிறு புத்தகங்கள் அவை. கட்டைவிரல் அளவே உள்ள டாம் என்ற பையனின் கதை, வருங்காலக் கணவனைக் கனவில் காணக் கன்னிப் பெண்கள் செய்ய வேண்டிய உபாயங்கள் என்று பலவிதம். சிரிப்புப் புத்தகங்களைத் தனியாகவும், மரணத்தையும் தீர்ப்பு நாளையும் நினைவூட்டும் பக்திப் புத்தகங்களைத் தனியாகவும் பைண்டு செய்து வைத்தார்.

காகிதமே பகையாயிற்று

டைரி 1669-ல் நின்றது. கண் பார்வை போய்விடும் என்று பயந்து நிறுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் எலிசபெத் இறந்தாள். குழந்தை இல்லை. நல்ல கணவராக அவர் நடந்துகொண்டார் என்று சொல்வதற்கில்லை. வீட்டு வேலைக்காரப் பெண்களிடமே தவறாக நடந்ததை அவருடைய டைரியே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

1673-ல் கப்பற்படைக் காரியதரிசியானார். 1679-ல் விதி திரும்பியது. பிரான்சுக்குக் கடற்படை இரகசியங்களை விற்றதாகக் குற்றம் சாட்டி அவரை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். அவரும் அவருடைய குமாஸ்தா ஹியூவரும் லஞ்சத்தில் புரள்கிறார்கள் என்று பெயரில்லாத துண்டுப் பிரசுரம் ஒன்று தெருவெல்லாம் பரவியது. அவர் விரும்பிச் சேர்த்த அதே மலிவுக் காகிதம் அவர் கழுத்தையே நெரிக்க வந்தது. குற்றம் உறுதியானால் தலை போய்விடும்.

பீப்ஸ் கலங்கினாலும் அசந்து போகவில்லை. பொய்ச்சாட்சி சொன்ன ஜான் ஸ்காட் என்பவன் எங்கெங்கே என்னென்ன மோசடி செய்தான் என்று பல நாடுகளிலிருந்தும் கடிதங்களும் சாட்சியங்களும் திரட்டினார். 1680-ல் வழக்கு கைவிடப்பட்டது. திரட்டிய அத்தனையும் படியெடுத்து இரண்டு தொகுதிகளாகக் கட்டி, அவற்றையும் அலமாரியில் வைத்துக்கொண்டார்! காகிதத்தால் வந்த ஆபத்து காகிதத்தாலேயே நீங்கியது.

மறுபடியும் காரியதரிசியானார், ராயல் சொஸைட்டியின் தலைவருமானார். ஐசக் நியூட்டனின் மகத்தான பிரின்ஸிபியா நூலின் முகப்பில் அச்சிட அனுமதி தந்தவராக இவர் பெயர் இருக்கிறது.

தெருவில் கூவியவர்கள்

1689-ல் ஆட்சி மாறியதும் உத்தியோகத்தை விட்டார். அதற்குப் பிறகு புத்தகங்களே அவருக்குக் குடும்பம். லண்டன் நகரின் படங்களையும் கடைக்காரர்களின் விளம்பரச் சீட்டுகளையும் ஆல்பங்களில் ஒட்டினார். தெருவில் கூவி விற்பவர்களின் படங்களில் பழைய காலத்து வரிசைகளையும், 1687-ல் மார்செல்லஸ் லாரூன் வரைந்து வெளிவரத் தொடங்கிய புதிய வரிசையையும் சேர்த்து வைத்தார். பழைய கூவலுக்கும் புதிய கூவலுக்கும் உள்ள வேற்றுமையை ஒப்பிட்டுப் பார்ப்பதே நோக்கம். எலுமிச்சையும் ஆரஞ்சும் விற்பவள், கத்தி சாணை பிடிப்பவன், பழந்துணி வாங்குபவன், பஞ்சாங்கம் விற்பவள் எல்லாரும் அங்கே நிற்கிறார்கள். கையில் பாட்டுத்தாளுடன் பாட்டுக்காரர்களும் நிற்கிறார்கள். அவர்கள் விற்ற தாளும் அவர்கள் உருவமும் ஒரே நூல்நிலையத்தில் சேர்ந்துவிட்டன.

உயில்

1703 மே 26-ந் தேதி, கிளாபம் என்ற ஊரில் தம் பழைய குமாஸ்தா ஹியூவரின் வீட்டில் பீப்ஸ் காலமானார். வாரிசில்லாதவரின் சேகரிப்பு ஏலத்துக்குப் போய்ச் சிதறுவதுதான் உலக வழக்கம். அதற்கு அவர் இடம் வைக்கவில்லை. மருமகன் ஜான் ஜாக்சன் காலத்துக்குப் பின் நூல்நிலையம் மாட்லின் கல்லூரிக்குப் போக வேண்டும். ஒரு புத்தகத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தவறினால் அத்தனையும் டிரினிடி கல்லூரிக்குப் போய்விடும் என்று ஏற்பாடு செய்தார். டிரினிடி கல்லூரியார் வந்து சோதனை போடவும் உரிமை கொடுத்தார். போட்டியாளனையே காவல்காரனாக வைத்த சாமர்த்தியம்!

1724-ல் 12 அலமாரிகளும் 3,000 புத்தகங்களும் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தன. இன்றும் அங்கேதான் இருக்கின்றன. டைரி நூறாண்டுக்கு மேல் யாரும் படிக்காமல் கிடந்தது. 1819 முதல் 1822 வரை ஜான் ஸ்மித் என்ற மாணவர் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அதன் சுருக்கெழுத்தை அவிழ்த்தார். அந்தச் சுருக்கெழுத்தைக் கற்றுக் கொடுக்கும் புத்தகம் அதே நூல்நிலையத்தில் இருந்தது அவருக்குத் தெரியாது! பாட்டுத்தாள்களையோ இப்போது கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகம் அவற்றைப் படமெடுத்து, மெட்டோடு பாடியும் வைத்திருக்கிறது.

பீப்ஸ் புத்தகங்களை அடுக்கிய முறை விசித்திரமானது. பொருளைப் பார்க்கவில்லை, ஆசிரியரின் அந்தஸ்தையும் பார்க்கவில்லை. உயரத்தைப் பார்த்தே எண் கொடுத்தார். இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் அச்சிட்ட நூல்களும், மாலுமித் தலைவர் டிரேக்கின் கடற்பயணப் பஞ்சாங்கமும், ஒரு பென்னிக் கதைகளும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. பெரியவற்றுக்குக் கடைசி எண்கள். உருவத்தில் எல்லாவற்றிலும் சிறிய புத்தகத்துக்கு முதல் எண்.