பஞ்சாங்கம் திருத்திய சாமந்த சந்திரசேகரர்

திருக்கோயிலில் நிகழும் நித்திய பூசை, விழா, கும்பாபிஷேகம் ஆகிய யாவும் காலத்தைப் பற்றியே நிற்பன. அக்காலத்தை அளந்து தருவது, திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து உறுப்புக்களையுடைய பஞ்சாங்கமாம். ஞாயிற்றினின்று திங்கள் 12 பாகை விலகுங்கால் ஒரு திதி கழியும். அதிற் பாதி கரணம். ஆகவே, திங்களின் நிலையைக் கணிப்பதில் ஒரு பாகை பிழை நேரின், திதி முடியும் வேளை ஏறக்குறைய 5 நாழிகை மாறிப்போம். ஏகாதசி விரதமும் பிரதோஷ வழிபாடும் உரிய நாளினின்று வழுவுதற்கு இத்துணைப் பிழையே போதும். இப்பிழையைக் களைதற்கெனத் தம் வாழ்நாளை ஈந்தவர் உத்கல தேசத்துச் சாமந்த சந்திரசேகரர்.

இவர் 1835-ஆம் ஆண்டில், இன்று ஒடிசா எனப்படும் அந்நாட்டின் கண்டபடா என்னும் ஊரில், சிற்றரசர் குலத்திற் பிறந்தார். முன்பிறந்த மக்கள் தங்காமையால், பெற்றோர் இவரை ஒரு பக்கீருக்குக் கொடுத்ததுபோலச் செய்து, பதானி என்று அழைத்தனர். நம் நாட்டில் பிச்சை, குப்பை எனப் பெயரிடும் வழக்கமும் இத்தகையதே.

வடமொழியும் தாய்மொழியுமே இவர் கற்றவை, ஆங்கிலம் அறியார். ஏட்டுச் சுவடிகளிற் கண்ட கணிதப்படி கோள்களைத் தேடியபோது, அவை குறித்த இடத்தில் இல்லாமை கண்டு இளமையிலேயே திகைத்தார். நூற்றாண்டுகள் பல கடந்தமையால் சிறு வேற்றுமைகள் திரண்டு பெருகியிருந்தன. அவற்றை அளக்க இவருக்குத் தொலைநோக்கி வாய்க்கவில்லை. நிழற்கோல், நீர்க்கடிகை, இரு கோல்களை இணைத்துத் தாமே அமைத்த மான யந்திரம் ஆகியவற்றைத் துணைக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் இரவெல்லாம் விழித்திருந்து வானை நோக்கினார். துங்காந்தரம், பாட்சிகம், திகம்சம் எனத் திங்களின் இயக்கத்தில் மூவகைத் திரிபுகளைக் கண்டு கணிதத்திற் சேர்த்தார். மேனாட்டார் அவற்றை முன்னரே அறிந்திருந்தனராயினும், அவர்தம் நூலுதவியின்றி இவர் கண்டதே வியப்பு.

கண்டவற்றை ஏறக்குறைய 2500 சுலோகங்களில் சித்தாந்த தர்ப்பணம் என்னும் நூலாக ஓலையில் எழுதினார். ஐங்கோள்கள் ஞாயிற்றையும், ஞாயிறு பூமியையும் சுற்றுவதாகவே அதிற் கொண்டார். பூமி அசையாதென்பது இக்காலத்தார்க்கு உடன்பாடன்று. எனினும், பஞ்சாங்கத்திற்கு வேண்டுவது பூமியிலிருந்து காணும் நிலையே ஆதலின், கணிதத்திற்கு அதனால் இழுக்கில்லை. நூலைப் போற்றியவர் பலர். பொய்யென இகழ்ந்தாரும் சிலர் இருந்திருக்கக் கூடும். நம் நாட்டில் வாக்கியமா, திருக்கணிதமா என்று நிகழும் வழக்கை அறிந்த அன்பர்கட்கு இது புதிதன்று. சந்திரசேகரரோ முன்னோர் சாத்திரத்தைத் துறந்தவரல்லர். அதன் எண்களைத் துலக்கியவரே.

1893-ஆம் ஆண்டில் அரசினர் இவருக்கு மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டம் அளித்தனர். கட்டாக் நகரத்துக் கல்லூரிப் பேராசிரியர் யோகேச சந்திர ராயர் அரிதின் முயன்று, ஆங்கில முகவுரையுடன் 1899-இல் நூலைக் கல்கத்தாவில் அச்சேற்றினார். அதன் பின்னரே மேனாட்டறிஞரும் இவர் பெருமையை உணர்ந்தனர்.

உறக்கமின்மையாலும் நோயாலும் உடல் மெலிந்த இப்பெரியார், 1904-ஆம் ஆண்டில் பூரித் தலத்தில் இறைவனடி சேர்ந்தார். அத்தலத்துச் ஜகந்நாதர் திருக்கோயிலின் வழிபாட்டுக் காலங்கள் இவர் கணித முறையைத் தழுவிய பஞ்சாங்கத்தால் வரையறுக்கப்படலாயின.